எக்ஸ்-9: துப்பறிவாளன் உளவாளியான கதை

சித்திர நாயகர்கள் – 6

சென்ற வாரம் இரும்புக்கை மாயாவியைப் பார்த்தோம். ஆய்வுக்கூட உதவியாளனாகத் தொடங்கி உளவுப்படைக்குப் போய்ச் சேர்ந்தவன் அவன். இந்த வார நாயகன் அவனுக்கு 28 ஆண்டுகள் மூத்தவன். ‘ரகசிய ஏஜென்ட் எக்ஸ்-9’ என்பது அவனுக்கு வைத்த பெயர். நமக்கு அவன் காரிகன். துப்பறிவாளனாகப் பிறந்து உளவாளியாக முடிந்த அவன், அமெரிக்க நாளிதழ்களில் 62 ஆண்டுகள் உலவினான். அவனுக்குக் கதை எழுதியவர்களில் ஒருவர் நம் நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூரில் பிறந்தவர் என்பது ஜொகூர் வாசகர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

1931இல் செஸ்டர் கூல்டின் ‘டிக் டிரேசி’ தொடங்கியதும் அமெரிக்க வாசகர்கள் துப்பறியும் படக்கதைக்கு அடிமையானார்கள். போட்டி நிறுவனமான கிங் ஃபீச்சர்ஸ் சும்மா இருக்குமா? துப்பறியும் நாவல் உலகின் பெரும்புள்ளி டாஷியல் ஹாமெட்டை அழைத்து வந்தது. ‘மால்டீஸ் ஃபால்கன்’ எழுதிய ஹாமெட், பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். குற்றவாளிகளின் நடை உடை பாவனைகளை நேரில் அறிந்தவர். படம் வரைய வந்தவர் 24 வயது அலெக்ஸ் ரேமண்ட். 1934 ஜனவரி 22 அன்று தொடர் ஆரம்பமானது. அதே மாதத்தில்தான் ரேமண்ட் ‘ஃபிளாஷ் கார்டன்’, ‘ஜங்கிள் ஜிம்’ ஆகிய ஞாயிறு தொடர்களையும் தொடங்கியிருந்தார். மூன்று தொடர்களை ஒரே கையால் வரைந்த இளைஞர் அவர்.

நாயகனின் தொழில் என்ன என்பதில் முதல் நாளிலிருந்தே குழப்பம். ஹாமெட்டுக்குக் கைவந்தது தனியார் துப்பறிவாளனின் உலகம்: கொலை, சொத்து, துரோகம். நிறுவனத்துக்கோ ரகசிய ஏஜென்ட் வேண்டும். விளைவாக, எக்ஸ்-9 பெயர் சொல்லாத ஓர் அமைப்புக்கு வேலை செய்தான். நடந்துகொண்டதெல்லாம் துப்பறிவாளனைப் போல. அவனுக்குச் சொந்தப் பெயர்கூடக் கிடையாது. ஹாமெட்டின் முந்தைய கதைகளில் வரும் கான்டினென்டல் நிறுவனத் துப்பறிவாளனுக்கும் பெயர் இல்லை என்பதை நினைத்தால், எக்ஸ்-9 யாருடைய வாரிசு என்பது விளங்கிவிடும். ஹாமெட் 1935இல் விலகினார். அந்த ஆண்டு முடிவதற்குள் ரேமண்டும் வேலைப்பளுவால் விடைபெற்றார்.

ஹாமெட் விட்ட இடத்தை நிரப்ப வந்தவர்தான் லெஸ்லி சார்ட்டரிஸ், ‘செயின்ட்’ என்ற சைமன் டெம்ப்ளரைப் படைத்தவர். 1907இல் சிங்கப்பூரில் பிறந்தார். தந்தை சீன மருத்துவர், தாய் ஆங்கிலேயர். எழுத்தில் காலூன்றுவதற்கு முன் மலாயாவில் ரப்பர் தோட்டத்திலும் ஈயச் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர். அமெரிக்காவில் புகழ் பெற்ற பிறகும், சீன இரத்தம் கலந்தவர் என்ற காரணத்தால் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க அந்நாட்டுச் சட்டம் அவரைத் தடுத்தது. அமெரிக்க நாடாளுமன்றம் தனியே சட்டம் இயற்றிய பிறகுதான் வழி பிறந்தது. எக்ஸ்-9க்கு அவர் எழுதிய காலம் குறுகியது. ஆனால் பால்மரக் காட்டை அறிந்த ஒருவர் உலகம் படித்த படக்கதையில் பங்கெடுத்தார் என்பது நமக்குச் சிறிய செய்தி அல்ல.

பிறகு பல கைகள் மாறின. பெயரில்லாத அமைப்பு மறைந்து, எக்ஸ்-9 எஃப்.பி.ஐ. ஆளானான். 1940இல் பொறுப்பேற்ற மெல் கிராஃப் அவனுக்கு ஃபில் காரிகன் என்று பெயர் சூட்டினார். வில்டா என்ற துப்பறியும் கதாசிரியையை மனைவியாக்கினார். இருபது ஆண்டுகள் கிராஃப் அவனுக்கு மனித முகம் தந்தார். 1960இல் பாப் லப்பர்ஸ் வந்தார்.

அவன் முழு உளவாளியானது 1967இல். ‘டாக்டர் நோ’ 1962இல் திரைக்கு வந்தபின் உலகமே ஜேம்ஸ் பாண்ட் மயக்கத்தில் இருந்தது. கதாசிரியர் ஆர்ச்சி குட்வினும் ஓவியர் அல் வில்லியம்சனும் சேர்ந்து, ‘சீக்ரெட் ஏஜென்ட் காரிகன்’ என்ற புதுத் தலைப்பில் அவனை நாடு நாடாக அனுப்பினார்கள். வில்லியம்சன் சிறு வயது முதல் ரேமண்டின் ஓவியத்தை வழிபட்டவர். ஆசான் தொடங்கிய தொடருக்குச் சீடர் வந்து 13 ஆண்டுகள் வரைந்தார். நிழலும் வெளிச்சமும் பிரியும் அவருடைய கோடுகளே காரிகனின் உச்சம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

தமிழில் அவனைக் கொண்டுவந்தது சிவகாசி. 1972இல் சௌந்தரபாண்டியன் தொடங்கி, முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்த முத்து காமிக்ஸில் மாயாவிக்குப் பின்னால் காரிகனும் ரிப் கிர்பியும் மாண்ட்ரேக்கும் தமிழ் பேசினார்கள். நாளிதழில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு கட்டங்களாக வந்ததை வெட்டிப் புத்தகப் பக்கத்துக்கு ஏற்ப அடுக்குவது எளிய வேலை இல்லை. நேற்றைய கதையை நினைவூட்டும் கட்டம் ஒவ்வொரு நாளும் இருக்கும். புத்தகத்தில் அது சொன்னதையே சொல்வதாகிவிடும். அதைச் சரிக்கட்டி, வசனத்தைத் தமிழாக்கி, எழுத்தைக் கூண்டுக்குள் அடக்க வேண்டும். குளுவாங் பக்கத் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு, ஊருக்குப் போய்வந்தவர்கள் பெட்டியில் கொண்டுவந்த அந்த இதழ்கள்தான் உலகத்தைக் காட்டின. காரிகனைத் தெரிந்திருந்த எங்களுக்கு ஹாமெட்டையோ வில்லியம்சனையோ தெரியாது. அக்கரையில் பிறந்த சார்ட்டரிஸை எங்களுக்குச் சொல்லவும் ஆள் இல்லை.

1980இல் வில்லியம்சனுக்குப் பின் ஜார்ஜ் எவன்ஸ் ஏற்றார். 1996 பிப்ரவரியில் தொடர் நின்றது. 62 ஆண்டுகளில் தொழில் மாறியது, முதலாளி மாறினார், பெயரே நடுவில்தான் வந்தது. அவனைக் காப்பாற்றியது தலைமுறைக்குத் தலைமுறை வந்த ஓவியர்களும் எழுத்தாளர்களும்தான். அவர்கள் பெயர்களை நாம் சொல்லிப் பழக வேண்டும்.

ஜொகூரில் இன்றும் பல வீட்டு அலமாரிகளில் பழைய தமிழ்க் காமிக்ஸ் இருக்கும். வீடு மாறும்போது பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி நூலகத்திடம் கேளுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது வரைந்தவர் யார், எழுதியவர் யார் என்றும் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த வாரம்: அலெக்ஸ் ரேமண்டின் மற்றொரு பிள்ளை, ரிப் கிர்பி.

(தொடரும்)