கண்மாயின் ஓரம்

பங்குனியில் தண்ணீர் இறங்க இறங்க, இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கண்மாய்களின் உள்வாயில் வட்டம் வட்டமாகக் குழிகள் வெளிப்படும். சாப்பாட்டுத் தட்டு அகலம், நாலு விரல் ஆழம். மாட்டுக் குளம்படி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். அது ஜிலேபிக் கெண்டை போட்ட குழி. முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற நாளில், ஆண் மீன் மண்ணை வாயால் அள்ளி அள்ளித் துப்பித் தோண்டியது. பெண் வந்து அதில் முட்டையிடும். இட்டதை அங்கே விட்டுவைக்காமல் வாய்க்குள் எடுத்து அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகும், ஏதாவது நெருங்கினால் அத்தனையும் தாயின் வாய்க்குள் ஓடிவிடும். குழிகள் எந்த மட்டத்தில் கிடக்கின்றனவோ, இனப்பெருக்கக் காலத்தில் தண்ணீர் அதற்குச் சற்று மேலே நின்றது என்று ஆய்வாளர் குறித்துக்கொள்ளலாம். வலை போடாமலே கிடைக்கும் தகவல் அது.

ஏரிகளை ஆராய்வதைத் தனி அறிவியலாக வளர்த்தெடுத்தவர் சுவிட்சர்லாந்தின் ஃபிரான்சுவா ஃபோரல். ஜெனீவா ஏரியைப் பற்றி 1892 முதல் 1904 வரை மூன்று தொகுதிகள் எழுதினார். அந்த ஏரியின் ஆழம் 310 மீட்டர். வட அமெரிக்காவின் சுபீரியர் ஏரி 400 மீட்டரைத் தாண்டும். ரஷ்யாவின் பைக்கால் 1,642 மீட்டர். அங்கெல்லாம் வெயில் அடித்தரையைத் தொடுவது கரையை ஒட்டிய ஒடுக்கமான பட்டையில் மட்டும்தான். செடி வேர்விடுவதும் பூச்சி பெருகுவதும் மீன்குஞ்சு ஒளிந்து வளர்வதும் பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான். அதனால் பேரேரிகளின் ஆய்வில் கரையோரத்துக்கென்று எப்போதும் தனி இடம் உண்டு.

நம் கண்மாயோ முழுக்க முழுக்க ஓரம்தான். மடை இருக்கும் கரைப்பக்கம் கொஞ்சம் ஆழம். எதிர்ப்பக்கம், மழைநீர் வந்து சேரும் உள்வாய், பரந்து விரிந்த சமதளம். அந்த ஓரமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 200 அடி நீளத்துக்கு ஓர் அடி சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அரை அடி இறங்கினால் நீர்விளிம்பு 100 அடி பின்வாங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து வைகாசிக்குள் வற்றுகிற கண்மாயில், தரையின் ஒவ்வோர் அடியும் வருஷத்தில் ஏதோ ஒரு வாரம் நீர்விளிம்பாக இருந்திருக்கும். பேரேரி ஆய்வாளர் கரையில் ஒரே இடத்தில் முளையடித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் அங்கேயே திரும்பி வரலாம். இங்கே அளவுகயிற்றைத் தூக்கிக்கொண்டு தண்ணீரின் பின்னாலேயே நடக்க வேண்டும்.

கருவிகள் எளியவைதான். ஆங்கில ‘டி’ வடிவச் சட்டத்தில் மாட்டிய கைவலை, வெள்ளைத் தட்டு, வெப்பமானி, பிறகு கயிற்றில் கட்டிய ஒரு வட்டத் தகடு. தகட்டைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டே போய், கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பார்கள். தெளிவை அளக்கும் இந்த முறையை இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஏஞ்சலோ செக்கி 1865இல் கடலில் சோதித்தார். இன்றுவரை இதைவிட மலிவான கருவி வரவில்லை. கைவலையால் பாசியையும் சேற்றையும் அள்ளி வெள்ளைத் தட்டில் கொட்டினால் முதலில் குப்பையாகத்தான் தெரியும். ஒரு நிமிஷம் பொறுத்தால் குப்பை நகரும். இரத்தச் சிவப்பில் நெளிவது கொசு மாதிரியே இருக்கும் ஒரு பூச்சியின் புழு, கடிக்காத பூச்சி. மண் நிறத்தில் அசையாமல் கிடப்பது தட்டானின் இளம்பருவம். பக்கத்தில் ஏதாவது ஊர்ந்தால், முகத்தடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதடு கண் இமைப்பதற்குள் நீண்டு இரையைக் கவ்விக்கொண்டு மடங்கும். ஆபத்து என்றால் பின்புறத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி முன்னே பாயும்.

வடகிழக்குப் பருவமழையோடு கூட்டங்கூட்டமாக வரும் மஞ்சள் தட்டானுக்கு இந்த வற்றும் தண்ணீர்தான் தோது. அதன் இளம்பருவம் சுமார் 40 முதல் 60 நாளில் முடிந்துவிடும். வேறு பல தட்டான்கள் மாதக்கணக்கில் தண்ணீரில் கிடக்க, இது அவசரமாக வளர்ந்து பறந்துவிடுகிறது. இந்தத் தட்டான்கள் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009இல் ஆய்வாளர் சார்லஸ் ஆண்டர்சன் எழுதினார். கண்மாய் ஓரத்துப் புழு என்று நாம் தள்ளுவது கடல் தாண்டும் பிறவியாக இருக்கலாம்.

நத்தைக்கு வருவோம். கண்மாய் நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. தண்ணீருக்குள் செவுள், வெளியே வந்தால் நுரையீரல். முட்டையிட அது விளிம்பைத் தாண்டி ஈரமண்ணுக்கு வந்து, சிறு பள்ளத்தில் நூற்றுக்கணக்கில் இட்டுவிட்டுத் திரும்பும். தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து, ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு மழை வரும்வரை மாதக்கணக்கில் உறங்கும். கரையோரத்தில் உடையாத வெற்று ஓடுகள் குவியலாகக் கிடந்தால் அது நத்தைகுத்தி நாரையின் வேலை. அதன் அலகின் இரு பாதிகளும் நுனியில் சேரும், நடுவில் சேராது; கீழ் அலகின் கூர்நுனியை மூடிக்கடியில் செருகித் தசையை வெட்டிச் சதையை உருவி எடுத்துவிடும். பறவைக் கணக்கெடுப்புக்கு வருபவர்கள் நாரையை எண்ணுகிறார்கள். அது எதை நம்பி வந்தது என்பதையும் எண்ணினால்தான் அடுத்த வருஷம் வருமா என்று சொல்ல முடியும்.

நன்னீர் மட்டியின் கதை இன்னும் விசித்திரம். அதன் குஞ்சு சில நாள் மீனின் செவுளிலோ துடுப்பிலோ கொக்கி போட்டு ஒட்டிக்கொண்டு வளர்ந்தாக வேண்டும். பிறகுதான் உதிர்ந்து சேற்றில் குடியேறும். மீன் இல்லாத குளத்தில் மட்டிக்கு வாரிசு இல்லை.

மீன்களில் விராலைப் பார்க்க ஓரத்துக்குத்தான் போக வேண்டும். கோரைக்கு நடுவே கொஞ்சம் இடத்தைச் சுத்தம் செய்து முட்டையிடும், முட்டைகள் மிதக்கும், பெரிய மீன் கீழே காவல் நிற்கும். செம்மஞ்சள் குஞ்சுகள் மூச்செடுக்க ஒரேயடியாக மேலே வரும்போது தண்ணீர் கொதிப்பதுபோல் தெரியும். அதை வைத்தே தாய் மீனைக் குத்துகிறவர்களும் இருக்கிறார்கள். மதுரை மெஸ்களில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் அயிரையும் ஆழத்து மீன் அல்ல. ஆழமில்லாத தண்ணீரின் அடிமண்ணில் மேய்வது. கண்மாய்க்கு மீன்பாசி ஏலம் விடும்போது கட்லா, ரோகு கிலோக் கணக்கு பேசப்படும் அளவுக்கு அயிரையும் உளுவையும் குறவையும் பேசப்படுவதில்லை. குழி தோண்டும் ஜிலேபியும் இந்த ஊர்க்காரன் இல்லை. ஆப்பிரிக்க மீன், 1952இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது. ஓரத்தின் அடிமண்ணைப் பிடித்துக்கொண்ட அது, அங்கே முன்பே இருந்த மீன்களோடு இடத்துக்கும் இரைக்கும் போட்டி போடுகிறது.

ஆழமில்லாத ஏரிகள் இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் நிலைத்து நிற்கும் என்று நெதர்லாந்தின் மார்ட்டன் ஷெஃபரும் கூட்டாளிகளும் 1990களில் விளக்கினார்கள். ஒன்று, அடியில் செடி நிறைந்த தெளிந்த தண்ணீர். செடிகள் சேற்றைக் கிளம்ப விடாது. பச்சைப் பாசியைத் தின்னும் நீர்த்தெள்ளுகளுக்கு மீனிடமிருந்து ஒளிய இடம் தரும். மற்றொன்று, குழம்பிய பச்சைத் தண்ணீர். வெயில் இறங்காததால் செடி முளைக்காது. செடி இல்லாததால் சேறு அடங்காது. ஊர்ச் சாக்கடை கலந்தாலும், மண்ணைக் கிளறும் சாதாக் கெண்டையை அளவுக்கு மீறி விட்டாலும் முதல் நிலை இரண்டாவதாகப் புரண்டுவிடும். பிறகு சாக்கடையைக் கொஞ்சம் குறைத்தால் போதாது, தண்ணீர் திரும்பத் தெளிய மறுக்கும். பச்சைத் தண்ணீரில் விடிகாலையில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு. இரவெல்லாம் பாசியும் சேர்ந்து அதைச் செலவழித்திருக்கும். கோடையில் ஒரே இரவில் மீன் செத்து மிதந்தால், பல சமயம் விஷம் கலந்தவனைத் தேடுகிறோம். காரணம் மூச்சுத்திணறலாகவே இருக்கக்கூடும்.

மேற்கே மலையில், ஆய்வைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக விரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மீன்களை ஆழ்வார்குறிச்சியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக மையத்தின் ஆய்வாளர்கள் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். அதே மலைத்தண்ணீர் அய்யனார் கோவில் ஆறாக இறங்கி வயல்வெளிக்கு வந்ததும், நம் பேச்சு எத்தனை கனஅடி, எத்தனை ஏக்கர் என்பதோடு நின்றுவிடுகிறது.

தூர்வாருவதிலும் அதே கணக்குதான். 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் அரசு வேலையைத் தொடங்கியது. கரம்பை மண் வயலுக்கும் போனது. நல்ல காரியம், மண்மேடிட்ட கண்மாயில் தண்ணீர் நிற்காது. ஆனால் இயந்திரத்துக்குச் சரிவு தெரியாது. உள்வாயிலும் கிணறு மாதிரி செங்குத்தாக வெட்டினால் கொள்ளளவு கூடும். கோரை முளைக்கவும் நத்தை ஏறவும் விரால் முட்டையிடவும் இடம் இருக்காது. கரைப்பக்கத்தை ஆழப்படுத்திவிட்டு உள்வாயின் சரிவைத் தொடாமல் விடுவதுதான் சரி என்பது என் கட்சி.

மேல்மண்ணில் இன்னொரு சொத்தும் இருக்கிறது. நீர்த்தெள்ளும், மல்லாந்து நீந்தும் ஒருவகைச் சிற்றிறாலும் வற்றுமுன் கெட்டித்தோல் முட்டைகளை விட்டுப்போகின்றன. அவை வெயிலில் காய்ந்து, தூசியோடு தூசியாக ஆண்டுக்கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். மீன் வந்து சேருமுன் பொரித்து வளர்ந்து மறுபடி முட்டையிட்டாக வேண்டும் என்பதால் சிற்றிறாலுக்கு எல்லாமே அவசரம். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை.

வீட்டிலேயே பார்க்கலாம். சித்திரையில் வெடித்துக் கிடக்கும் உள்வாயிலிருந்து இரண்டு கை மண்ணை எடுத்து, அகலமான பாத்திரத்தில் போட்டு மழைத்தண்ணீர் ஊற்றி நிழலில் வையுங்கள். குளோரின் கலந்த குழாய்த்தண்ணீர் வேண்டாம். சில நாளில் ஊசிமுனை அளவில் ஏதாவது துள்ளத் தொடங்கும். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. எல்லா மண்ணிலும் சிற்றிறால் கிடைக்காது, நீர்த்தெள்ளு கிடைக்க வாய்ப்பு அதிகம். மண்ணை மேல் இரண்டு அங்குலத்துக்குள் எடுங்கள். கரம்பை வெட்டிய பள்ளத்தின் அடியிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் சேறு மட்டும்தான் மிஞ்சும்.