முதலில் செய்தவரா, முழுமையாகச் செய்தவரா?

படித்த குடும்பங்களில் இந்நாளில் நடைபெறும் வாதப் பிரதிவாதங்களில் செல்போன் வாதத்துக்கு முக்கியமான இடம் உண்டு. எந்தச் சங்கீத வித்வான் உயர்ந்தவர் என்று ஒரு காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து தொண்டை வற்றப் பேசினார்கள் அல்லவா? அதே உற்சாகத்துடன் இப்போது, ஆப்பிள் உயர்ந்ததா, ஸாம்ஸங் உயர்ந்ததா என்று கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். "செல்போன் உலகத்தில் புதுமை என்று ஒன்று உண்டானால் அது ஆப்பிள் கம்பெனியார் செய்ததுதான்" என்கிறான் மூத்த பிள்ளை. "மற்றவர்கள் ஐந்து வருஷத்துக்கு முன்பே செய்து பழசாகிப் போனதை எடுத்து, மெருகு பூசி, இரட்டை விலைக்கு விற்பவர்கள் அவர்கள்" என்கிறாள் காலேஜில் படிக்கும் பெண். நடுவில் அகப்பட்டுக் கொண்ட தகப்பனார் கேட்பது ஒன்றே: "இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கும் அந்த யந்திரத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?"

தகப்பனாரின் கேள்வி நியாயமானது. பணம் கொடுக்கிறவர் அவர். ஆகவே, இரு கட்சியாருடைய சாட்சியங்களையும் வருஷ வாரியாக எடுத்து வைத்துக்கொண்டு விசாரித்துப் பார்ப்போம்.

எலி வந்த வழி

ஆப்பிள் கம்பெனிக்கு முதன் முதலில் பெரும் புகழைத் தேடித் தந்தவற்றில் ஒன்று, 1984-ம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த மாக்கின்டாஷ் கம்ப்யூட்டர். அதற்கு முன் கம்ப்யூட்டருக்குக் கட்டளையிட வேண்டுமானால் எழுத்து எழுத்தாகத் தட்டச்சுச் செய்ய வேண்டும். மாக்கின்டாஷிலோ, திரையில் சிறு சிறு படங்கள் இருந்தன. கையில் 'மௌஸ்' என்ற எலி இருந்தது. படத்தைச் சுட்டி அழுத்தினால் வேலை நடந்தது. குழந்தைகூட நடத்தக்கூடிய கம்ப்யூட்டர் என்று உலகம் வியந்தது.

ஆனால் அந்த எலி ஆப்பிள் வீட்டில் பிறந்ததல்ல. ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டக்ளஸ் எங்கல்பர்ட் என்னும் அறிஞர், 1968-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி, ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் ஒரு பெரிய சபையின் முன்னிலையில் அதை இயக்கிக் காட்டியிருந்தார். பின்னர் ஸெராக்ஸ் கம்பெனியார் பாலோ ஆல்டோ நகரில் நடத்திய ஆராய்ச்சிசாலையில், 1973-ம் ஆண்டிலேயே எலியும் திரைச் சித்திரங்களும் கொண்ட 'ஆல்டோ' என்ற கம்ப்யூட்டர் உருவாகிவிட்டது. ஆப்பிள் கம்பெனியைச் சேர்ந்த ஸ்டீவ் ஜாப்ஸ் 1979-ம் ஆண்டு டிசம்பரில் அங்கே போய்ப் பார்த்தார். பார்த்த காட்சி அவரை விடவில்லை.

இதைத் திருட்டு என்று சொல்வோர் பலர். அது அவ்வளவு சரியல்ல. ஸெராக்ஸார் சும்மா கதவைத் திறக்கவில்லை; பொதுச் சந்தைக்கு வராதிருந்த ஆப்பிள் பங்குகளில் 1 லட்சத்தை 10 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைப் பெற்றுக் கொண்டுதான் திறந்தார்கள். அவர்களும் தங்கள் சரக்கை 1981-ல் 'ஸ்டார்' என்ற பெயரால் விற்கத் தொடங்கினார்கள். விலை 16,595 டாலர். ஆப்பிளின் முதல் முயற்சியான 'லீஸா' 1983-ல் 9,995 டாலருக்கு வந்து விலை போகாமல் கிடந்தது. மாக்கின்டாஷின் விலை 2,495 டாலர். ஆராய்ச்சிசாலைக்குள் கிடந்த பொருளைத் தனி மனிதனின் மேஜைக்குக் கொண்டு வந்தது சாமான்யமான காரியமா?

இந்த வரலாற்றில் ரஸமான சம்பவம் ஒன்று உண்டு. ஆப்பிள் கம்பெனியைச் சேர்ந்த பில் அட்கின்ஸன், ஸெராக்ஸ் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த சதுரங்களில், பாதி மறைந்திருக்கும் சதுரத்தின் வெளியே தெரியும் பகுதி தானாகவே புதுப்பித்துக் கொள்வதைப் பார்த்ததாக நம்பிவிட்டார். உண்மையில் ஸெராக்ஸ் கம்ப்யூட்டர் அதைச் செய்யவில்லை. 'அவர்கள் செய்கிறார்களே, நம்மால் முடியாதா?' என்று இராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்டு அவர் வழி கண்டுபிடித்தார். பிறரைப் பின்பற்றுவதாக நினைத்துக்கொண்டே ஒருவர் புதிதாகச் சிருஷ்டித்துவிட்டார்!

பைக்குள் ஆயிரம் பாட்டு

அடுத்த சாட்சி 'ஐபாட்' என்னும் சங்கீதப் பெட்டி. அது 2001-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி வெளியிடப்பட்டது. அதற்கு மூன்று வருஷம் முன்னதாகவே, 1998-ல், தென் கொரியாவில் இத்தகைய பெட்டி விற்பனைக்கு வந்துவிட்டது. 2000-ம் ஆண்டில் ஸிங்கப்பூரைச் சேர்ந்த க்ரியேட்டிவ் கம்பெனியார் ஏராளமான பாட்டுக்கள் கொள்ளும் பெட்டியை விற்றார்கள். ஆனால் கொரியப் பெட்டியில் கொள்ளும் பாட்டுக்கள் சொற்பம்; ஸிங்கப்பூர்ப் பெட்டியோ சட்டைப் பையில் அடங்காது. ஜப்பானிய டோஷிபா கம்பெனியார் செய்திருந்த 1.8 அங்குலச் சிறு தட்டை ஆப்பிள் வாங்கிப் பொருத்தி, ஆயிரம் பாட்டுக்களைப் பைக்குள் அடக்கியது. அத்தனை பாட்டையும் பத்து நிமிஷத்துக்குள் ஏற்றலாம் என்று விளம்பரம் செய்தது. 2003-ல், பாட்டு ஒன்று 99 சென்ட் வீதம் நேர்மையாக விலை கொடுத்து வாங்குவதற்கு ஒரு கடையும் திறந்தது.

பாட்டுப் பட்டியலைப் படிப்படியாகத் திறந்து செல்லும் முறை தங்களுடைய பேடன்ட் உரிமை என்று க்ரியேட்டிவ் கம்பெனியார் 2006-ல் வழக்குத் தொடுத்தார்கள். ஆப்பிள் 10 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. ஆக, முன்னால் போனவர்கள் இருந்தார்கள் என்பதற்கு ரொக்க ரசீதே இருக்கிறது. ஆனால் அவர்களில் எத்தனை பேருடைய பெட்டி இன்று ஜனங்களின் ஞாபகத்தில் இருக்கிறது?

விரல் ஆட்சி

மூன்றாவது சாட்சி ஐபோன். 2007-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி அதை அறிமுகப்படுத்தினார்கள். தொடுதிரை கொண்ட டெலிபோனை ஐபிஎம் கம்பெனியார் 1994-லேயே 'ஸைமன்' என்ற பெயரில் விற்றிருக்கிறார்கள். பல விரல்களால் ஒரே சமயத்தில் தொட்டு இயக்கும் வித்தையை டெலாவேர் சர்வகலாசாலையைச் சேர்ந்த இருவர் வளர்த்து, 'ஃபிங்கர்வொர்க்ஸ்' என்ற சிறு கம்பெனி நடத்தி வந்தார்கள்; 2005-ல் ஆப்பிள் அதை விலைக்கு வாங்கியது.

எனினும் ஐபோன் விஷயத்தில் காலேஜ்ப் பெண் சற்று விட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். அதற்கு முன் பிரபலமாயிருந்த பிளாக்பெர்ரி, நோக்கியா போன்களையும், அதற்குப் பின் வந்த போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொத்தான்கள் மறைந்து, முகம் முழுவதும் கண்ணாடியாகிவிட்டது. உலகமே பின்பற்றியது, அதில் ஐயமில்லை.

ஆயினும் மூத்த பிள்ளையும் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளியார் செய்த செயலிகளை ஐபோனில் ஏற்றும் வசதி 2008-ல்தான் வந்தது. ஓரிடத்தில் உள்ள எழுத்தை எடுத்து மற்றோரிடத்தில் ஒட்டும் வசதி 2009-ல் வந்தது. மேலிருந்து இழுத்தால் செய்திகள் தொங்கும் திரைச்சீலை ஆண்ட்ராய்டிலிருந்து 2011-ல் வந்தது. ஸாம்ஸங் 2011-ல் பெரிய திரையுடன் 'நோட்' போனை வெளியிட்டது. ஆப்பிள் 2014-ல் திரையைப் பெரிதாக்கியது. நோக்கியா 2012-ல் கம்பியில்லாமல் மின்சாரம் ஏற்றியது. ஆப்பிள் 2017-ல் ஏற்றியது. எழுதுகோல் வேண்டுமா என்று 2007-ல் மேடையில் பரிகாசம் செய்தார் ஜாப்ஸ். அவருடைய காலத்துக்குப் பின், 2015-ல், அந்தக் கம்பெனியே தன் பலகைக் கம்ப்யூட்டருக்கு எழுதுகோல் விற்றது.

எதிர்க் கட்சியாரின் யோக்கியதையையும் பார்க்கலாம். 2016-ல் ஆப்பிள் தன் போனில் செவிக்குழல் துளையை அடைத்ததை ஸாம்ஸங் விளம்பரம் போட்டு நகைத்தது. 2019-ல் தன் 'நோட்' போனில் தானும் அடைத்தது. 2020-ல் ஆப்பிள் பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதை நிறுத்தியது. அடுத்த ஜனவரியில் ஸாம்ஸங்கும் நிறுத்தியது. நல்லதில் மட்டுமல்ல, சிக்கனத்திலும் ஒருவரை ஒருவர் பின்பற்றுகிறார்கள்!

மண்குடமும் பொன்குடமும்

இதுவரை சொன்னதிலிருந்து ஒன்று விளங்குகிறது. புளியையும் பருப்பையும் மிளகையும் சிருஷ்டித்தவர் சமையற்காரர் அல்ல. ஆனாலும் எல்லாருக்கும் கிடைக்கும் அந்தச் சாமான்களைக் கொண்டு, அளவும் பதமும் அறிந்து ரஸம் வைக்கிறவருக்கே பெயர். ஆப்பிள் கம்பெனியார் கைதேர்ந்த சமையற்காரர்கள். இதில் இழிவு ஒன்றும் இல்லை. வகுப்பில் நாங்கள் பையன்களைச் சோதிக்கும் முறையும் இதுதான். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினவன், கணக்கில் எண்களை மாற்றிக் கொடுத்தால் விழிப்பான். பிறரிடம் கற்றுக் கொண்டவன் எண் மாறினாலும் போடுவான். முதலாவது காப்பி, இரண்டாவது கல்வி.

ஆட்சேபம் எங்கே வருகிறதென்றால், அந்தச் சமையற்காரர் அடுத்த வீட்டில் ரஸ வாசனை வந்ததும் கோர்ட்டுக்கு ஓடும்போதுதான். சிறந்த கருத்துக்களைத் திருடுவதில் தங்களுக்கு வெட்கமே கிடையாது என்று ஜாப்ஸ் 1996-ல் டெலிவிஷன் பேட்டியில் பெருமையுடன் சொன்னார். அதே ஜாப்ஸ், ஆண்ட்ராய்டு திருட்டுச் சொத்து என்றும், அதை ஒழித்தே தீருவேன் என்றும் கொதித்ததாக 2011-ல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்! ஸாம்ஸங்கின் மீது 2011-ல் தொடுத்த வழக்கில், 2012-ல் ஜூரிகள் 100 கோடி டாலருக்கு மேல் விதித்தார்கள். வழக்கு நீண்டு, தொகை குறைந்து, 2018-ல் சமாதானமாயிற்று. இத்தனைக்கும் நடுவில் இவர்கள் அவர்களிடம் உறுப்புக்கள் வாங்குவதை நிறுத்தவில்லை; 2017-ல் வந்த ஐபோனின் திரையே ஸாம்ஸங் செய்து கொடுத்ததுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. இடம் காட்டும் ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவச் செலவில் உருவானது. பேசினால் பதில் சொல்லும் 'ஸிரி'யின் மூலம், அதே ராணுவ இலாகாவின் பணத்தில் நடந்த ஆராய்ச்சி. விரலால் தொடும் திரையைப் பற்றி 1965-ல் எழுதியவர் பிரிட்டிஷ் ஸர்க்கார் ஆராய்ச்சிசாலையில் பணி புரிந்த ஜான்ஸன் என்பவர். மரியானா மஸூகாட்டோ என்னும் பொருளாதார அறிஞர் 2013-ல் வெளியிட்ட நூலில் இக்கணக்கை விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார். ஒரு மேதை கறுப்புச் சட்டை அணிந்து மேடையில் தோன்றினார், உடனே புதுமை பிறந்தது என்று நம் குழந்தைகள் நினைப்பார்களானால், அதற்குப் பின்னால் வரி கொடுத்த ஜனங்களையும் பெயர் தெரியாத ஆராய்ச்சியாளர்களையும் அவர்கள் மறந்தவர்களாவார்கள்.

தீர்ப்பு

முந்திச் செய்தால் போதும் என்பதும் தவறு. 1993-ல் 'நியூட்டன்' என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டு உண்மையாகவே முந்திக் கொண்டது ஆப்பிள். கையெழுத்தைச் சரியாகப் படிக்கத் தெரியாமல் அது ஊர் சிரிக்க வைத்தது; 1998-ல் கைவிடப்பட்டது. பிந்திச் செய்தால் மெருகு தானாக வந்துவிடும் என்பதும் தவறு. 2024-ல் செயற்கை அறிவு பற்றிப் பெரிய அறிவிப்பு ஒன்று செய்த ஆப்பிள், ஸிரியின் முக்கியமான புது வசதிகள் தாமதப்படும் என்று 2025 மார்ச்சில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதே சமயம், யந்திரத்தின் மூளையாகிய சிப்பை வகுப்பதில் அக்கம்பெனி உண்மையாகவே முன்னணியில் நிற்கிறது. 2013-ல் 64 பிட் சிப்பைச் செல்போனில் முதலில் கொண்டு வந்தது அதுதான். 2020-ல் 'எம் 1' என்ற சிப்பைத் தன் கம்ப்யூட்டரில் வைத்தபோது போட்டியாளர்கள் திடுக்கிட்டார்கள். அதற்கும் மூலமான ஆர்ம் அமைப்பு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தது. செய்து கொடுப்பது தைவான். இருந்தாலும் இங்கே எண்களை மாற்றிய பிறகும் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று மார்க்கு கொடுக்கலாம்.

ஆகவே தகப்பனாருக்குச் சொல்லக் கூடியது இதுதான். 'இவர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள்' என்பதற்காக ஒரு காசும் அதிகம் கொடுக்க வேண்டாம். வேலையின் நேர்த்திக்கும் நீண்ட நாள் உழைப்புக்கும் கொடுக்கலாம். 2015-ல் வந்த ஐபோனுக்கு 2021-ம் ஆண்டின் புது மென்பொருளும் கிடைத்தது. அது பெரிய லாபம். ஆனால் கூகிள் 2023-லும் ஸாம்ஸங் 2024-லும் தங்கள் உயர்ந்த ரகப் போன்களுக்கு ஏழு வருஷம் அவ்வாறு கொடுப்பதாக வாக்களித்துவிட்டன. அந்த வித்தியாசமும் குறைந்து வருகிறது. எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை வருஷம் உழைக்கும், பழுதானால் என்ன செலவாகும் என்பதே.

நம் தேசத்துக்கும் இதில் பாடம் உண்டு. 2019-ம் ஆண்டு முதல், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் புது மாதிரி ஐபோன்களைப் பூட்டுகிறார்கள். நம் கிராமங்களிலிருந்து போன பெண்கள் வரிசை வரிசையாக நின்று அந்த நுட்பமான வேலையைச் செய்கிறார்கள். ஆனால் வகுத்தவர் கலிபோர்னியாவில் இருக்கிறார். லாபத்தின் பெரும் பங்கும் அங்கேதான் போகிறது. ஜப்பானும் கொரியாவும் பிறரைப் பார்த்துச் செய்யத் தொடங்கி, பிறகு பிறர் தங்களைப் பார்க்கும்படி செய்த நாடுகள். பின்பற்றுவதில் வெட்கமில்லை; பின்பற்றுவதோடு நின்றுவிடுவதில்தான் இருக்கிறது வெட்கம். போனைப் பூட்டும் பெண்ணின் தங்கை, அதைத் திறந்து பார்த்து, 'இந்த உறுப்பு ஏன் இங்கே இருக்கிறது, வேறு விதமாக வைத்தால் என்ன?' என்று கேட்கக் கூடிய பள்ளிக்கூடமும் ஆராய்ச்சிசாலையும் நம் ஊரில் வேண்டும். எந்தப் போன் உயர்ந்தது என்று கூடத்தில் செலவாகும் உற்சாகத்தில் நாலில் ஒரு பங்கை இந்த விஷயத்தில் செலுத்தினால், எத்தனையோ நன்மை உண்டாகும்.