பெற்றோல் மணத்தை அலட்சியம் செய்யாதீர்கள்

சகோதரிகளே, 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் செய்வதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விடுவார்கள். அந்த மணத்துக்குப் பழகிய எங்கள் மூக்கு, இன்று வாகனத்துக்குள் பெற்றோல் மணத்தாலும் பொருட்படுத்துவதில்லை. இரண்டும் ஒன்றல்ல. மண்ணெண்ணெய் சுமார் 38 பாகைக்கு மேல் சூடானால்தான் அதன் ஆவி தீப்பற்றும். பெற்றோலோ உறைகுளிரிலும் பற்றும். அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது. தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும்.

புங்குடுதீவில் நான் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பழைய காரிலும் இந்த மணம் வந்தது. ஆண் துணையில்லாத வீடுகளில் இதையும் நாங்களே கவனிக்க வேண்டியிருக்கிறது. எப்போது மணக்கிறது என்று முதலில் பாருங்கள். பெற்றோல் நிரப்பியதும் மணத்தால், தாங்கி மூடியின் றப்பர் வளையம் பழுதாகியிருக்கலாம். ஓடி நிறுத்தியதும் மணத்தால், காபரேற்றர் வழிகிறதா என்று பாருங்கள். மிதவை ஊசியில் தூசி சிக்கினால் வழியும். எந்நேரமும் மணத்தால், பெரும்பாலும் குழாயில் கசிவுதான்.

எங்கள் காரில் எஞ்சினுக்குப் போகும் றப்பர் குழாய் வெடித்திருந்தது. தீவின் உப்புக்காற்றில் கிளிப்பும் துருப்பிடித்திருந்தது. மெக்கானிக் இரண்டையும் மாற்றியதும் மணம் நின்றது. பெற்றோலுக்கென்றே உள்ள குழாயைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குழாய் பெற்றோலில் ஊறிக் கெட்டுவிடும்.

எஞ்சின் ஆறிய பின், வெட்டவெளியில் ரோச் வெளிச்சத்தில் பாருங்கள். தீக்குச்சியோ விளக்கோ வேண்டாம். கசிவு தெரிந்தால் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வாகனத்தை ஸ்ராட் செய்யாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.