விற்பனை வரியும் குடியானவர்களும்

சர்க்காரின் வரவு செலவில் துண்டு விழுமாயின் அதை அடைக்க மூன்று வழிகள் உண்டு: செலவைச் சுருக்கலாம், கடன் வாங்கலாம், வரியை உயர்த்தலாம். மூன்றாவது வழியைக் கைக்கொள்ளும்போது, வரி யார் பெயரில் விதிக்கப்படுகிறது என்பது ஒன்று. முடிவில் அதைச் சுமப்பவர் யார் என்பது வேறொன்று. இவ்வேற்றுமையை அறிவதற்குச் சென்னை மாகாணத்தில் 1939-ம் வருஷம் ஏற்பட்ட பொது விற்பனை வரியின் வரலாறு மிகவும் பயன்படும்.

துண்டு விழுந்த காரணம்

1937-ம் வருஷம் பதவியேற்ற ஸ்ரீ சி. ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரி சபை, அவ்வருஷம் அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமுலுக்குக் கொணர்ந்தது. 1938-ல் சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கும், 1939-ல் செங்கற்பட்டுக்கு அண்டையிலுள்ள வட ஆர்க்காடு ஜில்லாவுக்கும் அது விஸ்தரிக்கப்பட்டது. கள், சாராயத்தால் வந்த கலால் வருமானமும் நிலவரியும் அக்காலத்தில் மாகாண வரவின் இரு பெருந் தூண்களாயிருந்தன. ஒரு தூணை எடுத்தபின் மற்றதன்மேல் பாரம் ஏற்ற இடமில்லை. 1929-க்குப் பின் தானிய விலைகள் வீழ்ச்சியுற்றுக் குடியானவர்கள் கடனில் ஆழ்ந்திருந்தமையால், 1938-ல் அவர்களுக்கெனக் கடன் நிவாரணச் சட்டமே செய்ய நேரிட்டது. சுங்க வரியும் வருமான வரியும் விதிக்கும் அதிகாரம் மத்திய சர்க்காரைச் சேர்ந்தது. ஆனால் 1935-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டம், சரக்கு விற்பனையின்மேல் வரி விதிக்கும் அதிகாரத்தை மாகாணங்களுக்கு அளித்திருந்தது. சென்னை மாகாணம் அதைக் கைக்கொண்டது.

வரியின் அமைப்பு

1939 அக்டோபர் முதல் அமுலுக்கு வந்த இச்சட்டப்படி, வருஷ விற்பனை ரூ. 10,000-க்குக் குறைந்த வியாபாரிக்கு வரி இல்லை. ரூ. 20,000 வரை விற்பவர் மாதம் ரூ. 5 செலுத்த வேண்டும். அதற்குமேல் விற்பவருக்கு மொத்த விற்பனையில் நூற்றுக்கு எட்டணா. குடியானவர் தம் சொந்த நிலத்திலோ, குத்தகை நிலத்திலோ விளைவித்ததை விற்ற தொகை இக்கணக்கில் சேராது. ஆகையால் மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிப்பவர் தம் விளைச்சலுக்காக விற்பனை வரி செலுத்த வேண்டியதில்லை.

இதனால் வரிக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்று கொள்வது தவறு. வரி சரக்குக் கைமாறுந்தோறும் விதிக்கப்பட்டது. ரூ. 100 பெறுமான வண்டிப் பட்டை இரும்பு, சென்னை மொத்த வியாபாரி, செங்கற்பட்டு வியாபாரி, உள்ளூர்ப் பெரிய கடைக்காரர் என மூவர் கைமாறி வருமாயின், விலை ஏற்றத்தைச் சேர்க்காமலே ரூ. 1-8-0 வரி ஏறிவிடும். அதை விலையில் சேர்த்துக் கொடுப்பவர் வண்டிக்காரரே. விற்கும் இடத்திலும் இவ்வாறே. முன்பணம் கொடுத்த ஒரே வியாபாரிக்கு நெல் அளக்கக் கடமைப்பட்டவரிடம், வியாபாரி தம் வரியை விலைக் குறைப்பாகத் தள்ளிவிடக்கூடும். வாங்குவோர் பலர் போட்டியிடும் சந்தையில் அது அவ்வளவு எளிதாக நடவாது.

பிற்காலத்து மாறுதல்கள்

1948 அக்டோபர் 2-ந் தேதி மாகாணம் முழுவதும் மதுவிலக்கு ஏற்பட்டது. 1971-ல் அது நிறுத்தி வைக்கப்பட்டு மது வருமானம் திரும்பியது. ஆயினும் அதற்கு ஈடாகத் தோன்றிய விற்பனை வரி நீங்கவில்லை. 1959-ல் புதிய சட்டமாகவும், 2007-ல் மதிப்புக் கூட்டு வரியாகவும் மாறி, 2017 ஜூலை 1 முதல் பெரும்பாலான சரக்குகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரியில் கலந்தது. பள்ளம் தூர்ந்த பின்னும் அதைத் தூர்க்க வந்த வரி நிலைத்துவிடும் என்பதற்கு இது சான்று.

இன்றைய சட்டத்திலும், நிலத்தில் விளைவித்ததை விற்கும் அளவிற்குக் குடியானவர் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. வியாபாரி தாம் முன்பு செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளலாம். பதிவில் இல்லாத குடியானவர் உரத்திற்கும் கருவிக்கும் கொடுத்த வரியைக் கழிக்க வழியில்லை.

இவ்வரியின் விகிதத்தை மாநிலம் தனித்து உயர்த்துவதில்லை. மத்திய, மாநில மந்திரிகள் கூடிய கவுன்ஸில் வழியே அது முடிவாகிறது. ஆதலால் துண்டு விழும் காலத்தில் மாநிலம் நாடுவது பெட்ரோல், டீசல், மது, வாகனம், பத்திரப் பதிவு ஆகியவற்றையே. மறைமலைநகரைச் சுற்றிய கிராமங்களில் நிலம் விற்போரும் வாங்குவோரும் இதை நன்கு உணர்வர். 2017-ல் வழிகாட்டி மதிப்பு நூற்றுக்கு 33 வீதம் குறைக்கப்பட்டபோது, கிரயப் பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 1-லிருந்து 4 ஆயிற்று. 2023-ல் கட்டணம் 2 ஆகக் குறைந்தபோது மதிப்பு உயர்ந்தது. விகிதத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். எந்த மதிப்பின்மேல் அவ்விகிதம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

வரவு செலவுத் திட்டம் வெளிவரும்போது குடியானவர்கள் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்: தாம் வாங்கும் பொருள்களுள் எவை வரிக்குட்பட்டன? விற்கும் விளைச்சலின் விலையில் வியாபாரி எதைக் கழிக்கிறார்? வரியால் வந்த பணம் ஏரி, கால்வாய், சாலைகளுக்கு எவ்வளவு திரும்புகிறது? சாமான்களுக்கு ரசீது கேட்டு வாங்கி வைத்தலும், பலர் ஒன்றுகூடி விளைச்சலை விற்றலும் நன்று. கிராம அலுவலர்கள் இவ்விவரங்களைக் குடிகளுக்குத் தெளிவாக எடுத்துரைப்பார்களாயின், அறியாமையால் நேரும் நஷ்டம் பெரிதும் குறையும்.