வீட்டு மின் கட்டணம் எங்கே எகிறுகிறது? சிக்கனத்துக்கு முன் குடும்பங்கள் போட வேண்டிய கணக்கு

கோடைக்காலம் தொடங்கிவிட்டால் நடுத்தரக் குடும்பங்களின் மாத வரவு செலவுத் திட்டத்தை முதலில் அசைத்துப் பார்ப்பது மின் கட்டணமே. 2024-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி நாட்டின் உச்ச மின் தேவை 250 ஜிகாவாட்டை எட்டியது. வெப்ப அலையின்போது வீடுகளில் இடைவிடாது இயங்கிய குளிர்சாதனங்களும் மின்விசிறிகளும் இதற்கு முக்கியக் காரணம்.

மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், எந்தச் சாதனம் எவ்வளவு மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது என்று அறியாமல் மேற்கொள்ளும் சிக்கனம் பெரும்பாலும் பலன் தருவதில்லை.

ஒரு யூனிட் என்பது என்ன?

1,000 வாட் திறன் கொண்ட சாதனம் ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரமே ஒரு யூனிட். 2,000 வாட் வெந்நீர் சாதனம் (கீசர்) அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டைச் செலவிட்டுவிடும். அதே ஒரு யூனிட்டில் 9 வாட் எல்இடி விளக்கு 111 மணி நேரம் எரியும். விளக்கை அணைக்கவில்லை என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் வீட்டில் கீசர் தேவையின்றி ஓடிக்கொண்டிருந்தால் சேமிப்பு எதுவும் மிஞ்சாது.

வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும்?

பெரும்பாலான மாநிலங்களில் பயன்பாடு கூடக் கூட யூனிட்டுக்கான விலையும் உயர்கிறது. எனவே, கடைசியாகச் செலவிடும் சில யூனிட்டுகளே அதிக விலை கொண்டவை. தில்லியில் மானியத்துக்கு விண்ணப்பித்த வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை கட்டணம் இல்லை. 201 முதல் 400 யூனிட் வரை ரூ.800-க்கு மிகாமல் பாதிக் கட்டணம் மானியமாகக் கிடைக்கிறது. அதற்கு மேல் மானியமே கிடையாது. கேரளத்தில் மாதப் பயன்பாடு 250 யூனிட்டைத் தாண்டினால், முதல் யூனிட்டிலிருந்தே மொத்தப் பயன்பாட்டுக்கும் ஒரே உயர் விகிதத்தில் கட்டணம் கணக்கிடப்படுகிறது. ஆகவே, தங்கள் மாநிலத்தின் வரம்பு எது என்பதை அறிந்துகொள்வதே சிக்கனத்தின் முதல் படி.

ஒரு மாதிரிக் கணக்கு

தில்லியில் நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். தலா 75 வாட் கொண்ட மூன்று மின்விசிறிகள் நாள்தோறும் 12 மணி நேரம் சுழன்றால் மாதத்துக்கு 81 யூனிட் ஆகும். குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, விளக்குகள், சலவை இயந்திரம், தண்ணீர் மோட்டார் போன்றவற்றுக்கு மற்றொரு 81 யூனிட் என்று கொண்டால், மொத்தம் 162. இதுவரை கட்டணம் இல்லை. மணிக்கு 0.8 யூனிட் செலவிடும் ஏசியை 20 டிகிரியில் வைத்து இரவில் 6 மணி நேரம் இயக்கினால் 144 யூனிட் சேர்ந்து, மொத்தம் 306 ஆகிவிடும்.

இதனைக் குறைக்க வழி உண்டு. ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் அதன் மின் செலவு சுமார் 6 சதவீதம் குறையும் என்பது மத்திய எரிசக்தி திறன் பணியகத்தின் (பிஇஇ) கணக்கு. நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் இயக்கத் தொடங்கும்போதே 24 டிகிரியில் இருக்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருப்பதும் இதனால்தான். 20-இலிருந்து 24 டிகிரிக்கு மாற்றினால் சுமார் 34 யூனிட் மிஞ்சும். டைமர் மூலம் ஏசி ஒரு மணி நேரம் முன்னதாக நிற்கும்படி செய்தால் மேலும் 18 யூனிட் குறையும். இவ்விரண்டுக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

மூன்று விசிறிகளையும் 30 வாட் அளவிலான பிஎல்டிசி விசிறிகளாக மாற்றினால் 48 யூனிட் குறையும். 10 வாட் செட்டாப் பாக்ஸைப் பயன்படுத்தாத 18 மணி நேரமும் சுவிட்சிலேயே அணைத்தால் 5 யூனிட் மிஞ்சும். இப்போது மொத்தப் பயன்பாடு ஏறத்தாழ 200 யூனிட். கட்டணமில்லா வரம்பு எட்டும் தொலைவில் வந்துவிடுகிறது.

விலை உயர்ந்த சாதனம் எப்போதும் லாபமா?

பயன்படுத்தும் நேரத்தைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும். நாள்தோறும் 12 மணி நேரம் சுழலும் விசிறியை மாற்றினால் மாதம் 16 யூனிட் சேமிப்பு. யூனிட் ரூ.6 எனில், ரூ.3,000 விலையுள்ள விசிறி இரண்டரை ஆண்டுப் பயன்பாட்டில் தன் விலையை மீட்டுத் தந்துவிடும். எப்போதாவது இயங்கும் விருந்தினர் அறை விசிறியை மாற்ற அவசரம் இல்லை.

ஏசி விஷயமும் அப்படியே. அதன் நட்சத்திரச் சீட்டில் காணப்படும் ஆண்டு மின் செலவு, 1,600 மணி நேரப் பயன்பாட்டுக்குக் கணக்கிடப்பட்டது. இரு ஏசிகளுக்கு இடையே அதில் 300 யூனிட் வேறுபாடும், விலையில் ரூ.8,000 வேறுபாடும் இருப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 1,600 மணி நேரம் இயக்குவோர் நான்கரை ஆண்டுகளில் கூடுதல் விலையை மீட்டுவிடலாம். 60 இரவுகளில் தலா 6 மணி நேரம் மட்டுமே இயக்கும் குடும்பத்துக்கு அதே தொகையை மீட்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகும். நட்சத்திரங்களின் எண்ணிக்கையோடு, சீட்டில் உள்ள ஆண்டையும் கவனிக்க வேண்டும். தர அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால் பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

சொந்தக் கூரை உள்ளவர்களுக்குச் சூரிய மின்சாரம் மற்றொரு வழி. 2024-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட் மற்றும் அதற்கு மேல் ரூ.78,000 என மத்திய அரசின் மானியம் நிர்ணயிக்கப்பட்டது. வாடகை வீட்டில் குடியிருப்போருக்கு இந்த வாய்ப்பு அரிது. கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய விசிறியும் விளக்குமே அவர்களுக்கு ஏற்ற முதலீடு.

எதில் சிக்கனம் கூடாது?

வெப்ப அலை வீசும் நாட்களில் முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் ஆகியோரின் அறையில் விசிறியையோ ஏசியையோ நிறுத்திக் கட்டணத்தைக் குறைப்பது ஆபத்தானது. படிக்கும் பிள்ளையின் மேசை விளக்கும் அவ்வாறே. 9 வாட் விளக்கு தினமும் 5 மணி நேரம் எரிந்தாலும் மாதச் செலவு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. பழுதான வயரிங், நில இணைப்பு (எர்த்திங்) ஆகியவற்றைச் சீர்செய்வதைத் தள்ளிப்போடுவதும் சிக்கனம் ஆகாது.

ஒரு வாரம் நாள்தோறும் ஒரே நேரத்தில் மீட்டர் அளவைக் குறித்து வைத்தால், எந்த நாளில் எதனால் செலவு கூடியது என்பது தெரிந்துவிடும். அந்தப் பொறுப்பைப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். கட்டண ரசீது வந்த பிறகு யார் மீது தவறு என்று வாதிடுவதைவிட, மாத நடுவிலேயே குடும்பத்தினர் கூடி வரம்புக்கு இன்னும் எத்தனை யூனிட் எஞ்சியுள்ளது என்று பார்ப்பது எளிது.