விரைவும் வலுவும்

விரைவு என்பது விலையின்றிக் கிடைப்பதன்று. இலத்திரனியற் கருவிகளை அமைப்போர் இவ்வுண்மையை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். 1946ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அறிமுகமான எனியாக் என்னும் கணினி, செக்கனுக்கு 5,000 கூட்டல்களைச் செய்ய வல்லது. அதற்கு ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களும் 150 கிலோவாற்று வலுவும் வேண்டியிருந்தன. இன்று சட்டைப்பையில் அடங்கும் தொலைபேசியோ சில உவாற்று வலுவைக்கொண்டே அதனினும் பன்மடங்கு விரைவாகக் கணிக்கின்றது. விரைவையும் சிக்கனத்தையும் ஒருங்கே இணக்குவது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

இக்காலச் செயலிகள் கோடிக்கணக்கான திரான்சிற்றர்களால் ஆயவை. ஒவ்வொன்றும் ஓர் ஆளியாகத் தொழிற்படுகின்றது. ஆளி நிலைமாறும்போது, அதனோடிணைந்த நுண்ணிய கொள்ளளவம் மின்னேற்றம் பெறுவதாலும் இழப்பதாலும் சிறிதளவு சக்தி வெப்பமாகின்றது. அச்சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகித சமமாகும். ஆகவே நிலைமாற்றத்திற் செலவாகும் வலு, கொள்ளளவம், மின்னழுத்தத்தின் வர்க்கம், மீடிறன் ஆகிய மூன்றின் பெருக்கத்தைப் பொறுத்தது.

இவ்விடத்திற் பலர் இடறுவதுண்டு. மீடிறனைப் பாதியாக்கினால் வலுவும் பாதியாகும்; ஆயின், வேலை முடிய இருமடங்கு நேரஞ் செல்லும். எனவே நிலைமாற்றத்திற் செலவாகும் மொத்தச் சக்தி முன்போலவே இருக்கும். தாமதத்தால் மாத்திரம் மிச்சம் விளையாது. மெதுவாக இயங்கும் ஆளிக்குக் குறைந்த மின்னழுத்தமே போதுமென்பதிலேதான் ஆதாயம் உளது. மின்னழுத்தம், மீடிறன் இரண்டையும் ஐந்திலொரு பங்கு குறைப்போமாயின், வலு 0.8 இன் மும்மடியாகிய 0.512 பங்காகும். அத்தகைய இரு செயலிகளைச் சேர்த்தியக்கின், ஏறக்குறைய முந்திய வலுவைக்கொண்டே 1.6 மடங்கு வேலையைப் பெறலாம்.

திரான்சிற்றரைச் சிறிதாக்குந்தோறும் மின்னழுத்தத்தையும் அவ்விகிதத்திற் குறைத்தால், ஒரே பரப்பிற் பிறக்கும் வெப்பம் மிகாதென 1974இல் இறொபேட் டெனாட் என்பாரும் அவர்தம் துணைவரும் விளக்கினர். ஏறத்தாழ முப்பதாண்டுகள் இந்நெறி துணைநின்றது. ஆயின், மின்னழுத்தத்தை மேலும் குறைத்தவிடத்து, ஆளி மின்னோட்டத்தைத் தடுக்கும் நிலையில் இருக்கும்போதும் மின்னோட்டம் கசியலாயிற்று. வெப்பம் தடையாக நின்றது. 2004இல் இன்டெல் நிறுவனம் தேயாஸ் என்னும் அதிவிரைவுச் செயலித் திட்டத்தைக் கைவிட்டது. 2005இல் ஒரே செயலியில் இரு கருக்களை அமைத்து விற்பனைக்கு விட்டது.

இம்முறைக்கும் எல்லையுண்டு. பகிர முடியாத வேலைப்பகுதி எஞ்சுமாயின், கருக்கள் பலவாயினும் பயன் குன்றும். இதனை யீன் அம்டால் 1967இலேயே எடுத்துக்காட்டினார்.

இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி ஒரே மின்கலத்தோடு பல்லாண்டு உடலுள் இயங்கவேண்டும்; அதற்குப் பெருவிரைவு வேண்டுவதில்லை. புயலின் போக்கை முன்னறியும் கணினியோ, புயல் கரை சேருமுன் விடை கூறவேண்டும். எனவே, எத்துணை விரைவு இயலும் என்பதன்று, எத்துணை விரைவு வேண்டும் என்பதே அமைப்போன் முதலில் எழுப்பவேண்டிய வினாவாகும்.