மூடாத அடைப்புக்குறி

கோடிங் பழகுவோம் – 7

ஏற்காட்டு மலையில் நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ பழைய லேப்டாப்பில் சி மொழி பழகும் பிள்ளைகளை முதல் மாதத்தில் அதிகம் அலைக்கழிப்பது மூடாமல் விட்ட ஒரு நெளிவு அடைப்புக்குறிதான். 14-ஆவது வரியில் ஃபார் லூப்பைத் திறந்தாயிற்று, மூட மறந்தாயிற்று. ஜிசிசி கம்பைலரோ பெரும்பாலும் கோப்பின் கடைசி வரியைக் காட்டிப் பிழை என்கிறது. அங்கே பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். வரவேண்டிய குறி வரவில்லை என்பது, முழுவதையும் படித்து முடித்த பிறகுதானே அதற்குத் தெரியும்!

மழையில் மலை மேல் சிக்னல் போய்விட்டால் கூகுளிலும் தேட முடியாது. அதனால்தான் எடிட்டரின் அடைப்புக்குறி வசதியை முதலில் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன். அதற்கு இன்டர்நெட்டே வேண்டாம்.

விஷுவல் ஸ்டுடியோ கோடில் கர்சரை ஒரு குறியின் அருகே வைத்தால், அதற்கும் அதன் ஜோடிக்கும் கட்டம் விழும். கன்ட்ரோல், ஷிஃப்ட், பின்சாய்வுக்கோடு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கர்சர் ஜோடிக்குத் தாவும். விம் எடிட்டரில் சதவீதக் குறி ஒன்றே போதும். நம் உதாரணத்தில், ஃபங்ஷனின் கடைசிக் குறியிலிருந்து தாவிப் பாருங்கள். ஃபங்ஷனின் தொடக்கத்துக்குப் போகவேண்டிய கர்சர் ஃபார் லூப்பில் போய் நிற்கும். மூடாதது எது என்று தெரிந்துவிட்டது.

நிறம் இதைவிட வேகமாகக் காட்டிக்கொடுக்கும். விஷுவல் ஸ்டுடியோ கோடின் கறுப்புத் தீமில் வெளி அடைப்பு பொன்னிறம், அதற்குள் இருப்பது ஆர்க்கிட், அதற்கும் உள்ளே நீலம். தேசிய ஆர்க்கிட் பூங்கா இருக்கும் ஏற்காட்டில் அந்த இளம் ஊதாவை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஃபங்ஷனின் முதல் குறி பொன்னிறமாக இல்லாமல் ஆர்க்கிட் நிறத்தில் இருந்தால், தவறு அதற்கு மேலேதான்.

இந்த நிறங்களுக்காக 2016-இல் ஒரு தனி மனிதர் பொழுதுபோக்காக எழுதிய எக்ஸ்டென்ஷனை லட்சக்கணக்கானோர் பயன்படுத்தினார்கள். ஆனால் பெரிய கோப்புகளில் அது திணறியது. 42,000 வரிகளைத் தாண்டிய ஒரு கோப்பின் தொடக்கத்தில் ஒரே ஒரு குறியைச் சேர்த்தால், நிறம் மாற சுமார் 10 விநாடி ஆனது. 2021-இல் எடிட்டர் குழுவே அந்த வசதியை எடிட்டருக்குள்ளேயே புதிதாக எழுதியது. ஒவ்வொரு தட்டலுக்கும் கோப்பு முழுவதையும் திரும்பப் படிக்காமல், மாறிய பகுதியை மட்டும் சரிசெய்யும்படி ஜோடிகளை மரம்போல் அடுக்கிவைத்தார்கள். 2022 முதல் அது தானாகவே இயங்குகிறது. பழைய எக்ஸ்டென்ஷன் இன்னும் இருந்தால் தயங்காமல் நீக்கிவிடுங்கள், லேப்டாப்பும் மூச்சுவிடும்.

நீங்களாக மாற்றவேண்டியது ஒன்று உண்டு. செட்டிங்ஸில் 'பிராக்கெட் பேர்ஸ்' என்று தேடி, கைட்ஸ் பிரிவில் 'ஆக்டிவ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கர்சர் நிற்கும் ஜோடிக்கு மட்டும் செங்குத்துக் கோடு வரும். எல்லா ஜோடிக்கும் கோடு போட்டால் சிறிய திரையில் கண்தான் கூசும்.

நிறங்களைப் பிரித்தறியச் சிரமப்படும் மாணவர்களுக்கு இந்தக் கோடும் கட்டமுமே துணை. வேண்டுமானால் ஆறு அடுக்குகளுக்கும் அவர்கள் கண்ணுக்கேற்ற நிறத்தை வைத்துக்கொள்ளலாம். பாடம் எடுப்பவர்கள் யாருக்கேனும் இந்தச் சிரமம் உண்டா என்று முதல் வகுப்பிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.